பெயின்ட் அடித்தோம், பெயாரிங் பார்த்தோமா?



இது நீளமான பதிவு. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள், வருகிற பெருநாளுக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர்களாக இருந்தால் மட்டும், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் சின்னப் பெட்டி வண்டியின் படங்களை இங்கே போட்டிருந்தோம். மூன்று ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து, பழைய இரண்டு சில்லு இழுவைப் பெட்டி ஒன்றை வாங்கி, வெல்டிங் கடையில் கூடு அடித்து, பாய் விரித்துப் படுக்க இடம், அடுப்பு வைக்கப் பலகை, தண்ணீர்த் தாங்கி, ஒரு மின்விசிறி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த வண்டி. வானுக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போய்க் கடற்கரையில் ஓர் இரவு தங்கி வரலாம். வெளிநாட்டில் கரவன் என்பார்கள். எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் "நத்தை".

அந்தப் படங்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கில் கேள்விகள் வந்தன. என்ன நிறப் பெயின்ட், லைட் எங்கே வாங்கியது, குஷன் தைத்தது யார், மொத்தம் எவ்வளவு முடிந்தது. "சேர்மாருக்குச் சம்பளம் கூடிட்டு போல" என்று ஒரு பகிடி. "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட வேலை, எங்களுக்கெதுக்கு?" என்று ஒரு கண்டனம்.

ஒருவராவது அச்சைப் பற்றிக் கேட்கவில்லை. சங்கிலி போட்டிருக்கிறீர்களா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, கேஸ் சிலிண்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியும் இல்லை.

இந்தப் பதிவு அதற்காகத்தான். கண்ணுக்குத் தெரிவதற்குக் காசு கொடுப்போம், உயிர் தொங்கிக்கொண்டிருக்கிற இடத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டோம். இது நம் ஊர்களின் நோய். கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் நிலாவெளியிலும் புல்மோட்டையிலும் இதே நோய்தான்.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் வாத்தியார்மார் வழக்கம்போல உபதேசம் செய்கிறார்கள் என்பீர்கள்.

நத்தையின் முதல் பயணம் குச்சவெளிப் பக்கம். மூன்று முறை பெயின்ட் அடித்திருந்தோம். சுற்றிவரச் சின்ன விளக்குகள் தொங்கின. நிலாவெளியைக் கடந்து இறக்கக்கண்டிப் பாலத்தை நெருங்கும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் கையைக் காட்டிக் கத்தினார். இறங்கிப் பார்த்தால் இடதுபக்கச் சில்லு ஆடிக்கொண்டிருக்கிறது. சில்லின் நடுக்குடத்தைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஏழு பிள்ளைகளும் வெயிலில், வீதியோரத்தில், மூன்று மணித்தியாலம். ஒரு கராஜ் தம்பி வந்து கழற்றிக் காட்டினார். உள்ளே கிறீஸ் இல்லை, கறுப்புச் சேறுதான் இருந்தது. பழைய சொந்தக்காரர் அந்தப் பெட்டியில் படகு ஏற்றிக் கடலுக்குள் இறக்கியிருக்கிறார். உப்புத் தண்ணீர் பெயாரிங்குக்குள் போய்த் தின்றுவிட்டது.

"சேர், பெயின்ட் அடிக்க முந்தி இதத் திறந்து பாத்திருக்கலாமே?" என்று மட்டும் கேட்டார் அவர். அவருக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை. மூவரில் ஒருவர் விஞ்ஞான ஆசிரியர். உராய்வு என்ற பாடத்தை வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறவர்.

இன்னும் ஐந்து கிலோமீற்றர் ஓடியிருந்தால் சில்லு கழன்றிருக்கும். பாலத்தின் மேலே கழன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அன்றிரவு நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊரில் கரவன் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். சரி. ஆனால் லேண்ட்மாஸ்டர் பெட்டி எத்தனை வீட்டில் இருக்கிறது? நெல் மூட்டை ஏற்றுவதும் அதில்தான், விறகும் அதில்தான், பெருநாள் மாலையில் உம்மா, ராத்தா, பேரப்பிள்ளைகள், பாய், சட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவதும் அதில்தான். இரவு பத்து மணிக்குத் திரும்பி வரும்போது முன்னால் ஒற்றை விளக்கு, பின்னால் இருட்டு. கொழுவியில் கடையாணிக்குப் பதிலாக வளைத்த கம்பித் துண்டு. பிரேக் மிதி இருக்கும், மிதித்தால் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் சவுண்ட் பொக்ஸ் புதிது.

ஆகவே இது மூன்று ஆசிரியர்களின் பொழுதுபோக்குப் பற்றிய பேச்சு அல்ல. பின்னால் இழுபடுகிற எந்தப் பெட்டியிலும் மனிதரை ஏற்றுகிற எல்லாருக்குமான பேச்சு.

2021 நவம்பர் 23. குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய படகுப்பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தோம். 2024 நவம்பர் 26. அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளி. வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் வந்த மதரஸா மாணவர்களை நீர் அடித்துக்கொண்டு போனது. 2025 செப்டம்பர் 4. எல்ல–வெல்லவாய வீதி. சுற்றுலா போய்த் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டார்கள்.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றல்ல. கிறீஸ் போடாததால் நடந்தவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் நாம் ஒரே மாதிரி நடந்துகொண்டோம். அழுதோம், படம் பகிர்ந்தோம், யாரையாவது ஏசினோம். நாற்பது நாள் கழித்து நம் வீட்டுப் பிள்ளைகளை எதில் ஏற்றினோம்? ஏற்றுவதற்கு முன் எதைக் கேட்டோம்?

"அல்லாஹ் காப்பாத்துவான் சேர்" என்று சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டாமல் விட்டுவிட்டுக் கையேந்துவது சோம்பேறித்தனம். அதற்கு மார்க்கத்தின் பெயரை வைக்காதீர்கள்.

"வெள்ளைக்காரன்ட வேலை" என்றவருக்கும் ஒரு பதில். 1885 இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் பொழுதுபோக்குக்காகவே ஒரு குதிரைவண்டி வீடு செய்வித்தார் என்பது உண்மைதான். ஆனால் கரவன் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து போனது. ஒன்றாகச் சேர்ந்து பயணம் போகிற கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர், பெட்டிக்கு அல்ல. நம் மூத்தவாப்பாமார் அறுவடைக் காலத்தில் குடும்பத்தோடு மாட்டு வண்டியில் போய் வயல் வாடியில் கிடந்தவர்கள். வண்டியில் கூரை இருந்தது, கீழே லாந்தர் தொங்கியது, அச்சுக்கு மசகு போட மூங்கில் குழாய் இருந்தது. கடையாணியைத் தட்டிப் பார்க்காமல் வண்டிக்காரர் மாட்டை அதட்ட மாட்டார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சொல்லி வைத்தவர்களும் நம்மவர்கள்தான். வெள்ளைக்காரனிடம் நாம் வாங்கியது பெட்டியின் வடிவம். மூத்தவாப்பாவிடம் இருந்ததைத் தொலைத்தது நாம்.

என்ன செய்யலாம் என்கிறீர்கள். நாங்கள் பட்டுப் படித்ததைச் சொல்கிறோம்.

ஒன்று, பெயாரிங். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றுங்கள். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உருளைகளில் குழியோ நீலம் பாய்ந்த நிறமோ தெரிந்தால் புதிது போடுங்கள். தண்ணீருக்குக் கரையாத, படகுக்காரர் பாவிக்கிற கிறீஸை விரலால் அழுத்தி ஒவ்வோர் இடுக்கிலும் ஏற்றுங்கள். சீலை மாற்றுங்கள். நட்டை முறுக்கி நிறுத்திவிட்டுச் சற்றே தளர்த்துங்கள். சில்லு தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சில்லு உப்புத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் வருடம் வரை காத்திருக்க வேண்டாம், அந்தக் கிழமையே திறவுங்கள். பயணத்தில் முதல் இருபது கிலோமீற்றரில் நிறுத்திக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பயணம் அங்கே முடிந்தது.

இரண்டு, டயர். "பட்டன் நல்லா இரிக்கி சேர்" என்பார்கள். பெட்டி வண்டியின் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் காய்ந்து கெட்டுப்போவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமையில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டி, பக்கத்தில் வெடிப்பும் ஓடியிருந்தால் அதில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

மூன்று, பாரம். பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி பாம்புபோல ஆடத் தொடங்கும். ஆட்டம் கூடினால் முன்னால் இழுக்கிற வானையும் சேர்த்துப் புரட்டும். மொத்தப் பாரத்தில் பத்திலிருந்து பதினைந்து வீதம் கொழுவியின் மேல் இருக்க வேண்டும். எங்கள் நத்தை எல்லாம் ஏற்றி 400 கிலோ. ஆகவே கொழுவியில் 40 முதல் 60 கிலோ. தராசு வைத்துப் பார்க்கலாம், பெரிய வித்தை இல்லை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எண்பது லீற்றர் தாங்கியைப் பின்மூலையில் வைத்தால் ஒரு பெரிய ஆளை அங்கே குந்தவைத்தது போல. தாங்கியை அச்சுக்கு மேலே வையுங்கள்.

நான்கு, கொழுவி, சங்கிலி, விளக்கு. கம்பித் துண்டை வீசிவிட்டுக் கிளிப் உள்ள ஆணி போடுங்கள். கொழுவி கழன்றாலும் பெட்டி தனியாக ஓடாமல் இருக்க இரண்டு சங்கிலி, குறுக்காக. பின்னால் சிவப்பு விளக்கு, சிவப்பு ரிப்ளெக்டர். ஒரு சோடி ரிப்ளெக்டருக்கு ஆகிற செலவு ஒரு புரியாணிப் பார்சலின் அளவுதான். நம் வீதிகளில் இரவில் மாடும் படுத்திருக்கும், மணல் லொறியும் வரும். பின்னால் வருகிறவன் நம்மைக் காண்பதற்கு வேறு வழி என்ன?

ஐந்து, கேஸ். இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் குளம்போலத் தேங்கும். மேல் யன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். சிலிண்டர் வைக்கிற அறைக்கு அடிமட்டத்தில், வெளிப்பக்கமாக ஓட்டை வேண்டும். அதைவிட நல்லது வெளியே வைத்துச் சமைப்பது. 2021 கடைசியில் நாடு முழுக்கக் கேஸ் வெடித்தபோது நாமெல்லாம் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்கப் பழகினோமே, அந்தப் பழக்கம் எங்கே போனது? இன்னொன்று. மழை, குளிர் என்று மூடிய பெட்டிக்குள் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கினவர் எழும்ப மாட்டார்.

ஆறு, மின்சாரம். 12 வோல்ற், 100 அம்பியர் மணித்தியால ஈயப் பற்றரியில் கணக்குப்படி 1200 வாற்று மணித்தியாலம் இருக்கும். பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரி சாகும், ஆகவே 600. இருபது வாற்று மின்விசிறி இரவு முழுக்க எட்டு மணித்தியாலம் ஓடினால் 160. ஐந்து வாற்று விளக்கு இரண்டு, ஐந்து மணித்தியாலம், 50. போன்களுக்கு 60. மொத்தம் 270. சோலார் இல்லாமலே இரண்டு இரவு தாராளம். அதே பற்றரியில் 300 வாற்று சவுண்ட் பொக்ஸைக் கொழுவினால் இரண்டே மணித்தியாலம். பிறகு இருட்டும் நுளம்பும். எதுவானாலும் பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். வயர் உரசித் தீப்பிடித்தால் உள்ளே படுத்திருப்பது பிள்ளைகள்.

ஏழு, துரு. கடலோரத்தில் வாழ்கிறோம். மீன்பிடித்துவரும் காக்காமாரைப் பாருங்கள். எவ்வளவு களைத்து வந்தாலும் இயந்திரத்துக்கு நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவாமல் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அந்த ஒழுக்கம் நமக்கும் வேண்டும். கடற்கரையால் வந்த அன்றே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். துருவின் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். அது புண்ணுக்கு மேலே பவுடர் பூசுகிற வேலை. சுரண்டி, துருத் தடுப்பு பூசி, பிறகு அடியுங்கள். நிறுத்திவைத்த வண்டியின் படங்கிலும் பழைய டயரிலும் தேங்குகிற தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். 2017 மார்ச்சில் டெங்கு கிண்ணியாவை உலுக்கிப் பள்ளிக்கூடங்களை மூடவைத்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் வெறுமையாகக் கிடந்த வாங்குகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

எட்டாவதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். நத்தைக்கு என்னென்ன வேண்டும் என்று மூன்று ஆண்கள் குந்தியிருந்து பட்டியல் எழுதினோம். இரண்டு பக்கம் வந்தது. அதில் மலசலகூடம் இல்லை. "நீங்க ஆம்பிளைகள், எங்கயும் ஒதுங்குவீங்க. நாங்க எப்பயும் கடலுக்குப் போற நாள்ல விடிய இருந்து தண்ணி குடிக்கிறல்ல, தெரியுமா?" என்று ஒரு ராத்தா கேட்டார். தெரியாது. இத்தனை வருடம் தெரியாது. நாம் சிரித்துக் குளித்த ஒவ்வொரு பிக்னிக்கிலும் நம் உம்மாமாரும் பெண் பிள்ளைகளும் தாகத்தோடு இருந்திருக்கிறார்கள். தலையிடி, சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து தனியாக அனுபவித்திருக்கிறார்கள். மூடியுள்ள ஒரு வாளிக் கழிப்பறையும், நின்று உடை மாற்றக்கூடிய ஒரு சின்னக் கூடாரமும் இன்று நத்தையின் முதல் சாமான். கழிவைக் கடற்கரையில் புதைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்றுகிறோம். அருவருப்பா? மற்றவர் விட்டுப்போனதில் கால் வைப்பதைவிட அருவருப்பில்லை.

குப்பை பற்றி ஒரு வரி. 2017 இல் லன்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது, 2023 இல் பிளாஸ்டிக் கப், கரண்டிக்கும் தடை வந்தது. உப்புவெளியில் ஞாயிறு மாலை ஒருமுறை நடந்து பாருங்கள், எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று தெரியும். சகனில் ஒன்றாகக் குந்திச் சாப்பிடுகிற சமூகத்துக்கு எதற்கு ஐம்பது பிளாஸ்டிக் தட்டு?

இனி அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு. மக்களை மட்டும் ஏசிவிட்டுப் போவது நியாயமில்லை. கேரளம் 2021 இல் கரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தபோது வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை. வண்டி நிற்கிற இடத்தைப் பற்றியும் சேர்த்துப் பேசியது. இங்கே உல்லாசப் பயணத்துறை என்றால் ஹோட்டலும் வெள்ளைக்காரரும் என்றுதான் கணக்கு. உள்ளூர்க் குடும்பம் ஒன்று தன் சொந்தக் கடற்கரையில் ஓர் இரவு பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம் காட்டுங்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சமதரை, ஒரு குழாய், பூட்டு உடையாத இரண்டு மலசலகூடம், ஒரு விளக்கு, குப்பை எடுக்க ஓர் ஆள். கட்டணம் வையுங்கள், கொடுக்கிறோம். வீதியில் தலைக்கவசம் பார்க்கிற கண் பின்விளக்கில்லாத பெட்டியையும் பார்க்கட்டும். அபராதம் போடுவதற்கு முன் ஒரு மாதம் ரிப்ளெக்டர் ஒட்டிவிடுங்கள். மக்கள் திட்ட மாட்டார்கள், துஆச் செய்வார்கள்.

"காசில்லை சேர்" என்பவர்களுக்குக் கடைசியாக. நாங்கள் சொன்ன எட்டில் காசு அதிகம் போவது டயருக்கு மட்டும். மற்றவை கிறீஸ் ஒரு டப்பா, சங்கிலி இரண்டு, ஆணி ஒன்று, ரிப்ளெக்டர் ஒரு சோடி, வாளி ஒன்று, பிறகு ஒரு சனிக்கிழமை காலை. பெருநாள் வெடிக்கு எரிக்கிற காசு போதும். நமக்கு இல்லாதது காசல்ல. குனிந்து அடியில் பார்க்கிற பழக்கம்தான் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து நத்தை நிற்கிற வளவில் நாங்கள் மூவரும் இருப்போம். ஜக், சாவிகள், கிறீஸ் டப்பா, சவர்க்காரத் தண்ணீர் எல்லாம் இருக்கும். லேண்ட்மாஸ்டர் பெட்டியோ, படகுப் பெட்டியோ, எதுவானாலும் கொண்டுவாருங்கள். தெரிந்ததைக் காட்டித் தருவோம். தெரியாததை அந்தக் கராஜ் தம்பியிடம் சேர்ந்து கேட்போம், அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேநீர் எங்கள் பொறுப்பு.

வர முடியாதவர்கள் இன்று அஸருக்குப் பிறகு உங்கள் பெட்டியின் கொழுவியில் என்ன ஆணி இருக்கிறது என்று மட்டும் போய்ப் பாருங்கள். கம்பித் துண்டாக இருந்தால் கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், எங்கள் பெயாரிங் கதையை நாங்கள் எழுதிவிட்டோம்.

பகிர்ந்துகொள்ளுங்கள். முக்கியமாக, பெட்டியில் ஆள் ஏற்றுகிற தம்பிமாருக்கு.